மேப்பிள் சாறு: வாளியா, குழாயா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில், மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி இனிப்புப் பாகு எடுக்கும் சர்க்கரைக் குடில்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போவது பழைய வழக்கம். இரவில் உறைகுளிர், பகலில் 0 டிகிரிக்கு மேல் வெப்பம் என்று மாறி மாறி வந்தால்தான் மரத்தில் சாறு ஓடும்.

வாளி முறைக்கு, குறைந்தது 25 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் 4 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு, சற்றே மேல்நோக்கித் துளையிட வேண்டும். அப்போதுதான் சாறு தானாக வெளியே வடியும். துளையில் சிறு குழலைத் தட்டிச் செருகி வாளியைத் தொங்கவிடுவார்கள். மழைநீர் விழாதிருக்க மூடி அவசியம். வெப்பமான நாளில் தேங்கிய சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகி, பாகு கறுத்துவிடும்; ஆகவே தினமும் சேகரித்து, உடனே காய்ச்ச வேண்டும்.

குழாய் முறையில், மரங்களை வரிசையாக இணைக்கும் குழாய்கள் வழியே சாறு குடிலுக்கு வரும். சுமக்கும் வேலை இல்லை, சாற்றை உறிஞ்சி இழுக்கும் வெற்றிடப் பம்பு இருந்தால் சாறும் கூடுதல். ஆனால் அணில் கடித்த ஒரே ஓட்டை போதும், அந்த வரிசை முழுவதும் இழுவிசை குறையும். குழாய் தொய்ந்தால் சாறு அங்கேயே தேங்கி உறையும். பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும்.

காய்ச்சுவதில் வேறுபாடு இல்லை: சுமார் 40 லிட்டர் சாற்றுக்கு 1 லிட்டர் பாகு. நீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி கூடியதும் இறக்க வேண்டும். முன்னதாக இறக்கினால் புளிக்கும். தாமதித்தால் அடியில் கற்கண்டு கட்டும்.

விற்பனைக்குக் குழாயே சரி. பிள்ளைகள் வரும் குடிலில், வாசலருகே சில மரங்களுக்காவது வாளி மாட்டுங்கள். சொட்டும் சாற்றை அவர்கள் விரலில் ஏந்திச் சுவைக்கட்டும்.