நேஷனல் பார்க் ரூம் புக்கிங்: கார்டு நம்பர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கூகுளில் 'கிராண்ட் கேன்யன் லாட்ஜ்' என்று தேடினால் முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். அவற்றில் பூங்காவின் பெயர் இருக்கும், பள்ளத்தாக்கின் படம் இருக்கும், மேலே பெரிய எழுத்தில் 800 என்று தொடங்கும் ஒரு இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கும். பூங்காவுக்கும் அந்தத் தளத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் கோடை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது முதலில் விழுவது இந்தக் குழியில்தான்.

அந்த எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பவர் லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் போலவே பேசுவார். தேதியைக் கேட்பார், எத்தனை பேர் என்று கேட்பார், கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டுவார். பூங்காவுக்குள் எல்லாம் நிரம்பிவிட்டது, ஆனால் வாசலுக்குப் பக்கத்திலேயே கடைசியாக ஒரு ரூம் இருக்கிறது, இப்போதே கார்டு நம்பர் கொடுத்தால் பிடித்து வைக்கிறேன் என்பார். உள்ளே நிரம்பிவிட்டது என்பது பல சமயம் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் மீதியையும் நம்பிவிடுகிறோம்.

அடுத்த மாதம் கார்டு ஸ்டேட்மென்டில் ஒரு ரூமுக்கு இரண்டு வரிகள் வந்திருக்கும். ஒன்று ரூம் வாடகை. இன்னொன்று வேறொரு கம்பெனிப் பெயரில் 'ரிசர்வேஷன் ஃபீ'. ரூமை ரத்து செய்தாலும் இந்த இரண்டாவது தொகை திரும்பாது. ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்தால், நீங்கள் மூன்றாம் தரப்பு வழியாக வந்திருக்கிறீர்கள், அவர்களிடமே பேசுங்கள் என்று கைகழுவிவிடுவார்கள். நேரடியாக புக் செய்தவருக்கு இரண்டு நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யும் வசதி தரும் அதே ஹோட்டல், ஏஜென்ட் வழியாக வந்தவருக்கு ஒரு டாலர்கூடத் திருப்பித் தராமல் போகலாம். விதி ஹோட்டலுடையது அல்ல, ஏஜென்டுடையது. அது ஈமெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

'வாசலுக்குப் பக்கத்தில்' என்பது அடுத்த ஏமாற்று. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பான சவுத் ரிம்மின் வாசலுக்கு வெளியே உண்மையிலேயே பக்கத்தில் இருக்கும் ஊர் டுசாயன் மட்டும்தான், ரிம்மிலிருந்து சுமார் 7 மைல். வில்லியம்ஸ் 60 மைல், ஃபிளாக்ஸ்டாஃப் 80 மைல். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கும். ஓக்ஹர்ஸ்ட் ஊர் ஹோட்டல்கள் 'பூங்காவுக்கு 15 மைல்' என்று போட்டால் அதில் பொய் இல்லை. தெற்கு வாசலுக்கு அவ்வளவு தூரம்தான். ஆனால் எல் கேபிடன் பாறையும் யோசெமிட்டி அருவியும் இருக்கும் பள்ளத்தாக்கு அந்த வாசலிலிருந்து இன்னும் 35 மைல், அதுவும் மலை வளைவுச் சாலை. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே ஹோட்டலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். சவுத் ரிம் என்றால் 'கிராண்ட் கேன்யன் விசிட்டர் சென்டர்', யோசெமிட்டி என்றால் 'யோசெமிட்டி வேலி லாட்ஜ்' என்று மேப்பில் போட்டு நிமிடக் கணக்கைப் பாருங்கள். கோடையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பார்க்கிங் நிரம்பத் தொடங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் தள்ளித் தங்கினால் ஆறு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். லீவு நாளில் பதினாறு வயதுப் பிள்ளையை ஐந்தரைக்கு எழுப்பிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கட்டில் விஷயத்திலும் கவனம் வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களை இது ரொம்பவே படுத்தும். ஏஜென்ட் தளங்களில் 'இரண்டு குவீன் கட்டில்' என்று தேர்வு செய்தாலும் பல சமயம் அது வெறும் கோரிக்கையாகத்தான் ஹோட்டலுக்குப் போகிறது. இரண்டு பெரியவர் என்ற கணக்கில் விலை காட்டிவிட்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கீழே அனுப்பாமல் விட்டுவிடும் தளங்களும் உண்டு. ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றால் ஒரே ஒரு கிங் கட்டில், ஆறடி உயரத்தில் ஒரு பையன், பதினாலு வயதில் ஒரு பெண். மடக்குக் கட்டில் கேட்டால் தீ பாதுகாப்பு விதிப்படி அந்த ரூமில் போட முடியாது என்பார்கள். சுற்று வட்டாரத்தில் வேறு ரூமும் இருக்காது.

ஏற்கெனவே ஏஜென்ட் வழியாக புக் செய்துவிட்டீர்களா? இன்றே ஹோட்டலைக் கூப்பிடுங்கள். ஏஜென்ட் கொடுத்த ஐடினரரி எண் வேறு, ஹோட்டலின் சொந்த கன்ஃபர்மேஷன் எண் வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணில் எத்தனை பேர், எந்தக் கட்டில், பணம் முழுதாக வந்துவிட்டதா, ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று நான்கும் கேளுங்கள். உங்கள் பெயரே அவர்களிடம் இல்லை என்றால் உடனே ஏஜென்டை லைனில் வைத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும். கிளம்பும் நாளில் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

சரியான வழி ஒன்றும் சிரமமில்லை. தேசியப் பூங்காச் சேவையின் என்பிஎஸ் டாட் கவ் (nps.gov) தளத்தில் பூங்காவின் பக்கத்தைத் திறந்து, 'பிளான் யுவர் விசிட்' பகுதியில் லாட்ஜிங் என்பதைச் சொடுக்கினால், பூங்காவுக்குள் லாட்ஜ் நடத்த ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பு இருக்கும். அந்த இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும், தேடல் வழியாக வேண்டாம். சவுத் ரிம் லாட்ஜ்களுக்கு 13 மாதம் முன்பே புக்கிங் திறக்கும், யோசெமிட்டியில் 366 நாள் முன்பு. அப்போது கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். ஆட்கள் ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். இலவச ரத்துக்கான கெடு நெருங்கும் நாட்களில் காலையிலும் இரவிலும் போய்ப் பார்த்தால் ரூம் தலைகாட்டும். இன்னொன்று: வடக்கு விளிம்பான நார்த் ரிம்மில் இருந்த கிராண்ட் கேன்யன் லாட்ஜ் 2025 ஜூலை காட்டுத்தீயில் எரிந்துபோனது. அதன் பழைய படத்தைப் போட்டு ரூம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் பணம் கட்டும் முன் என்பிஎஸ் பக்கத்தைப் பாருங்கள்.

லாஸ் வேகஸிலிருந்து 'கிராண்ட் கேன்யன் ஒரு நாள் டூர்' வாங்குபவர்கள் எந்த ரிம் என்று கேட்டே ஆக வேண்டும். கண்ணாடிப் பாலம் இருக்கும் வெஸ்ட் ரிம் ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவில் சேர்ந்ததல்ல. வேகஸிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் டூர்காரர்களுக்கு அது லாபம். தேசியப் பூங்காக்களுக்கு நீங்கள் வாங்கிய ஆண்டு பாஸ் அங்கே செல்லாது, டிக்கெட் தனி. படங்களில் பார்க்கும் அந்த அகன்ற பள்ளத்தாக்குக் காட்சிக்கு சவுத் ரிம் போக வேண்டும், அது நாலரை மணி நேரம். வெஸ்ட் ரிம் மோசம் என்று சொல்லவில்லை, ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் தவறு. பேஜ் ஊருக்குப் பக்கத்து ஆன்டலோப் கேன்யனும் மான்யுமென்ட் வேலியும் நவஹோ நிலம். அங்கும் பாஸ் செல்லாது. அதே பேஜ் பக்கத்தில் ஆறு லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில் பேஜ் நகராட்சிக்கு வண்டிக்கு 10 டாலர் பார்க்கிங் கட்ட வேண்டும்.

ஆன்டலோப் கேன்யனுக்கு அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது, நேரம் தவறினால் பணம் போய்விடும். இங்கே ஏமாற்றுவது பலருடைய சொந்த போன்தான். அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டாவும் நவஹோ நிலமும் மாற்றுகின்றன. டூர்கள் நடப்பது பேஜ் ஊரின் அரிசோனா நேரப்படி. பக்கத்து டவரைப் பிடித்து போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். பேஜ் எல்லைக்குள் வந்ததும் தானியங்கி நேரத்தை அணைத்து 'ஃபீனிக்ஸ்' என்று வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கென்றே விரிக்கும் வலை பெர்மிட் விற்பனை. ஸயான் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங், யோசெமிட்டியில் ஹாஃப் டோம், பெர்மிட் இருந்தால்தான் ஏற முடியும் இந்தப் பாறைகள் இரண்டும் ரீல்ஸில் பார்த்து அவர்கள் அடம்பிடிக்கும் இடங்கள். இரண்டுக்கும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் குலுக்கல். ஏஞ்சல்ஸ் லேண்டிங் விண்ணப்பத்துக்கு 6 டாலர், ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை, கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். ஹாஃப் டோமுக்கு விண்ணப்பம் 10 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 10 டாலர். ஹாஃப் டோமில் பருவத்துக்கு முந்தைய குலுக்கல் மார்ச் மாதம், பிறகு ஏறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு தினசரிக் குலுக்கலும் உண்டு. பெர்மிட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஹாஃப் டோமில் பெர்மிட்டில் பெயருள்ள தலைவரோ மாற்றுத் தலைவரோ அடையாள அட்டையோடு கூடவே இருக்க வேண்டும். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ 80 டாலருக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புபவரிடம் வாங்கினால் ரேஞ்சர் திருப்பி அனுப்பிவிடுவார். பிள்ளைகள் உங்களிடம் கேட்காமல் தங்கள் போனிலிருந்தே பணம் அனுப்பிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டியோ அத்தை பிள்ளைகளோ கூட வருகிறார்களா? 2026 ஜனவரி முதல் கணக்கு மாறிவிட்டது. 80 டாலர் ஆண்டு பாஸ் அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டில் வசிப்பவருக்கு 16 வயது நிரம்பியிருந்தால் கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, ஸயான், யெல்லோஸ்டோன் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர். இந்த வித்தியாசத்தைக் காட்டி பழைய பாஸைப் பாதி விலைக்கு விற்கிறேன் என்பவர்களை அண்டவிடாதீர்கள். பாஸ் கைமாற்ற முடியாதது, வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

வாடகை வண்டி பற்றிச் சுருக்கமாக. ஒப்பந்தத்தில் மண் சாலைக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். மான்யுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று முழுக்க மண் சாலை. அங்கே மாட்டிக்கொண்டால் இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில், காப்பீடும் கைவிடும். லேர்னர்ஸ் பெர்மிட் வைத்திருக்கும் பிள்ளைக்கு வெறிச்சோடிய ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொடுக்கும் ஆசை வரும். வாடகை வண்டியில் கூடவே கூடாது.

ஏமாந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது: விளம்பரம், தளத்தின் முகவரி, விலை காட்டிய பக்கம், ஈமெயில். 2025 மே 12 முதல் அமலில் உள்ள மத்திய விதிப்படி, தங்குமிடத்துக்குக் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு ஃபீ முளைத்திருந்தால் அந்த இரண்டு பக்கங்களும் உங்களுக்குச் சாட்சி. பிறகு ஹோட்டல் மேனேஜரிடம் அபராதம் இல்லாமல் ரத்து செய்யச் சம்மதமா என்று கேட்டு, சம்மதித்தால் அதை ஈமெயிலில் வாங்குங்கள். அதைக் காட்டி ஏஜென்டிடம் எழுத்தில் பணம் கேளுங்கள். மசியவில்லை என்றால் கிரெடிட் கார்டு வங்கியில் டிஸ்பியூட் போடுங்கள். அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் போய்ச் சேர வேண்டும். பயணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் முன்பே புக் செய்தவர்கள் இந்தக் கெடுவைத்தான் கோட்டைவிடுகிறார்கள். டெபிட் கார்டில் கட்டியவர்களுக்கு இந்தப் பிடி இவ்வளவு இறுக்கமாக இருக்காது. ரூம் புக்கிங்குக்கு டெபிட் கார்டை எடுக்கவே வேண்டாம். நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்டிசியின் (FTC) புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உங்கள் ஒருவரின் புகாரை வைத்து அவர்கள் பணத்தை மீட்டுத் தர மாட்டார்கள், ஆனால் ஒரே கம்பெனி மேல் புகார்கள் குவிந்தால் வழக்குப் போடும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.