ஆறு சனிக்கிழமைகள்: நாகர்கோவிலில் கேட்ட ஒரு மெய்யியல் வகுப்பு

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறையில் நடந்த சமூக அறிவியல் மெய்யியல் வகுப்பை ஆறு வாரமும் விடாமல் கேட்டேன். கட்டணம் 600 ரூபாய். செயல்படுவது தனிமனிதர்கள் மட்டும்தானா, ‘நாங்கள்’ என்ற ஒன்றும் செயல்படுகிறதா என்பதே தொடக்கம் முதல் பேசப்பட்ட கேள்வி.

சமூக உண்மைகள் தனிமனிதருக்கு வெளியே நின்று அவரை நெருக்குகின்றன என்று 1895-இல் எழுதிய பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்கைமையும், அர்த்தத்தோடு செயல்படுபவர் தனிமனிதரே என்ற ஜெர்மன் சமூகவியலாளர் வெபரையும் ஆசிரியர் முதலில் எதிரெதிரே நிறுத்தினார். மழை தொடங்கியதும் பலர் ஒரே நேரத்தில் குடை விரிப்பது சமூகச் செயல் ஆகாது என்ற வெபரின் எடுத்துக்காட்டு, இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் எளிதாகவே பிடிபட்டது.

வகுப்பின் உயிர் நான்காவது வாரம். அன்று மாலை வகுப்புக்குப் பதிலாக அதிகாலையில் மணக்குடிக் கடற்கரைக்குப் போனோம். கரையில் நின்றே இழுக்கும் பெரிய வலையான கரைமடியின் இரண்டு கயிறுகளையும் இரண்டு அணியினர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கைதளர்ந்த ஓர் இளைஞரைப் பின்னால் நின்ற பெரியவர், “எலே மக்கா, வலிச்சுப் பிடில!” என்று அதட்டினார்; இளைஞர் மறுபேச்சில்லாமல் குதிகாலை மணலில் ஊன்றினார். சேர்ந்து நடக்கும் இருவரில் ஒருவர் சொல்லாமல் முன்னே போய்விட்டால், அவரைக் கடிந்துகொள்ளும் உரிமை மற்றவருக்கு உண்டு என்று மெய்யியலாளர் மார்கரெட் கில்பர்ட் சொல்வதை ஆசிரியர் அங்கேயே விளக்கினார். தனித்தனி விருப்பங்களைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் அந்த உரிமை கிடைப்பதில்லை. ஒன்றாகச் செய்வோம் என்று கட்டுப்பட்ட இடத்தில்தான் அது பிறக்கிறது. என் தாத்தாவும் கரைமடி இழுத்தவர். அவர் பங்காகக் கொண்டுவந்த மீனைத் தின்று வளர்ந்த எனக்கு, அந்த அதட்டலுக்குள் இவ்வளவு பெரிய கேள்வி இருந்தது அன்றுதான் தெரிந்தது.

குறை ஆறாவது வகுப்பில். பொதுப் பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்றால், பெரிய குழுவில் தன்னலம் கருதும் எவரும் தாமாக உழைக்க முன்வரமாட்டார் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மன்சர் ஓல்சன் 1965-இல் வைத்த வாதத்தை ஆசிரியர் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த வாதத்தை உரசிப் பார்க்க இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான மண் வேறில்லை. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859-இல் திருவிதாங்கூர் அரசு கொடுத்த அந்த உரிமை, அடிபட்ட பெண்களுக்கு மட்டுமன்றி வீட்டிலேயே இருந்த பெண்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அப்படியிருக்க, மேலாடை கிழிக்கப்படும் என்று தெரிந்தே சந்தைக்குப் போனவளை நடத்தியது அவளுடைய சொந்த மானமா, ‘நாங்கள்’ என்ற கட்டுப்பாடா, இரண்டையும் பிரிக்கத்தான் முடியுமா? நான் கேட்டேன், நேரமில்லை என்றார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஒளிநகல் குறிப்புகள் தெளிவாக இருந்தன, கலைச்சொற்களும் நல்ல தமிழில் இருந்தன. மெய்யியல் படிக்காதவரும் தயங்காமல் சேரலாம். ஆறாவது வகுப்பை இரண்டாகப் பிரித்து நடத்தினால், நான் மறுபடியும் பணம் கட்டி முன்வரிசையில் உட்காருவேன்.