நீதிக்கதைத் தொகுப்பா, படப்புத்தகமா?

மகளுக்கு நான்கு வயதானபோது, பிறர் நமக்குச் செய்வதைக் கவனித்துப் பாராட்டப் பழக்குவதற்கு எதை வாசித்துக் காட்டலாம் என்று தேடினேன். கையில் இரண்டு வகை வந்தன: நாங்கள் வாசித்து வளர்ந்த நீதிக்கதைத் தொகுப்பு ஒன்று, பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமுமாக இருக்கும் படப்புத்தகங்கள் சில. ஓராண்டு இரண்டையும் மாறி மாறி வாசித்தோம். நான் படப்புத்தகத்தின் பக்கம்தான்.

தொகுப்பு மலிவு, ஒரே அட்டைக்குள் ஐம்பது கதைகள். சிங்கத்தை எலி காப்பாற்றிய கதையைப் புத்தகமே இல்லாமல் பாட்டி சொல்லிவிடுவார்.

என்னை முடிவெடுக்க வைத்தது கடைசி வரி. தொகுப்பில் கதை முடிந்ததும் 'நீதி: செய்த உதவியை மறவாதே' என்று தடித்த எழுத்தில் வந்துவிடுகிறது. மகள் அதை ஒப்பித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாள். படப்புத்தகத்தில் அந்த வரி கிடையாது. அதனால் படத்திலேயே நிற்கிறாள். மறுநாளும் அதே புத்தகத்தைத்தான் எடுத்து வருகிறாள். ஒரு சந்தைக் காட்சியில் எழுத்து முழுவதும் பூ வாங்க வந்த சிறுமியைப் பற்றியது. ஓரத்தில் ஒருவர் மூட்டை சுமக்கிறார். அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏழாவதோ எட்டாவதோ முறை வாசித்தபோது, "அம்மா, இந்தத் தாத்தாவுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். அந்த வாரமே, குப்பை வண்டியோடு வரும் அக்காவின் பெயரைக் கேட்கச் சொன்னாள். இரண்டு ஆண்டுகளாக எங்கள் தெருவுக்கு வருகிறவரின் பெயர் எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

படப்புத்தகத்தில் கதை ஒன்றுதான், விலையோ கூடுதல். சென்னையில் 1996 முதல் இயங்கும் துளிகா பதிப்பகத்தின் தமிழ் - ஆங்கில இருமொழிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத்தான் வாங்கினேன். செலவைக் குறைக்க வழி உண்டு. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். நான் அச்சிட்டு நூலால் தைத்துக் கொடுத்தேன். செல்பேசியில் காட்டியபோது விரல் அடுத்த பக்கத்துக்கே ஓடியது. தாளில் அந்த அவசரம் இல்லை.

இதெல்லாம் ஒரே குழந்தையிடம் கண்டது. ஏழு வயதாகும் அண்ணன் மகன் படங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறான். தொகுப்பைத்தான் கேட்டு வாங்கி, தானே எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு எது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.