பத்து அத்தியாயங்களுக்காக வாங்கிய டிவிடி தொகுப்பு

‘தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நான்கு பருவங்களும் அடங்கிய டிவிடி தொகுப்பை மைக்கேல் டன் என்ற ஒரு நடிகருக்காகவே வாங்கினேன். மொத்தமுள்ள 104 அத்தியாயங்களில் பத்தில் மட்டுமே அவர் வருகிறார். அந்தப் பத்தையும் பார்த்து முடித்தபோது, கொடுத்த பணம் வீண் என்று தோன்றவில்லை.

1934-இல் ஓக்லஹோமாவில் பிறந்த டன், பிறவியிலேயே இருந்த எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் நான்கு அடிக்கும் குறைவான உயரமே வளர்ந்தார். மூட்டு வலி வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. 1963-இல் எட்வர்ட் ஆல்பி நாடகமாக்கிய ‘தி பேலட் ஆஃப் தி சேட் கஃபே’யில் கசின் லைமனாக நடித்து, அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருதுக்கும், 1965-இல் ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ திரைப்படத்தில் கார்ல் குளோக்கனாக நடித்துச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டவர் அவர்.

இத்தொடரில் அவர் ஏற்றது டாக்டர் மிகெலிட்டோ லவ்லெஸ் என்ற விஞ்ஞானியின் வேடம். கலிபோர்னியாவில் தன் முன்னோருக்குரிய நிலம் பறிபோனது என்ற மனக்குறையோடு வரும் அந்த வில்லனை, 1965 அக்டோபர் 1 அன்று ஒளிபரப்பான, தான் தோன்றும் முதல் அத்தியாயத்திலேயே டன் முழுமையாக நிறுவிவிடுகிறார். மென்மையாகத் தொடங்கும் வாக்கியம் முடிவதற்குள் குரல் சினத்தில் நடுங்குகிறது. அடுத்த நொடியே விருந்தோம்பும் கனவானாக மாறி, உடன் நடிக்கும் ஃபீபி டோரினுடன் சேர்ந்து பாடத் தொடங்குகிறார். அவ்விருவரும் தொடருக்கு முன்பே இரவு விடுதி மேடைகளில் இணைந்து பாடியவர்கள் என்பதால், அந்தப் பாடல்களில் செயற்கை துளியும் இல்லை. உயரம் குன்றிய நடிகர்களைக் கேலிக்கும் வித்தைக்கும் மட்டுமே அழைத்துக்கொண்டிருந்த காலத்தில், கதாநாயகனுக்கு அறிவில் ஒரு படி மேலான எதிரியாக அவர் நிற்பதைப் பார்க்க மனம் நிறைகிறது.

கறுப்பு-வெள்ளையில் அமைந்த முதல் பருவத்தின் நான்கு அத்தியாயங்களே என் கணிப்பில் மிகச் சிறந்தவை. வண்ணத்துக்கு மாறிய இரண்டாம் பருவத்தில் விந்தைக் கருவிகள் கதையை விழுங்கத் தொடங்குகின்றன. ஆயினும் கதாநாயகன் வெஸ்ட்டைச் சில அங்குல உயரத்துக்கு லவ்லெஸ் சுருக்கிவிடும் அத்தியாயத்தை நான் இரண்டு முறை பார்த்தேன், ஏனெனில் அங்கே குனிந்து பார்ப்பவர் டன்.

தொகுப்பில் குறைகளும் உண்டு. லவ்லெஸ் வரும் அத்தியாயங்கள் வெவ்வேறு வட்டுகளில் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வசன வரிகளும் இல்லை. இந்தப் பாராட்டுக்கெல்லாம் உரிய டன் 1973-இல், 38 வயதிலேயே லண்டனில் காலமாகிவிட்டார். முழுத் தொகுப்பின் விலை கட்டுப்படியாகாதவர்கள், தனியாக வெளியான முதல் பருவத்தை மட்டும் தயங்காமல் வாங்கலாம்.