மதுரைக்குப் போன பணமும் ஏர்வாடியில் கிடைத்த மாத்திரையும்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனது தம்பிக்காகத்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரம் எங்கள் ஊர். தம்பிக்கு 31 வயது. இரண்டு வருடமாக அவனுக்குத் தூக்கம் இல்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்கிறான். முதலில் வேலையை விட்டான், பிறகு வாசலைத் தாண்டுவதையும் விட்டான். போனில் கேட்டால் அம்மா, "நன்றாகத்தான் இருக்கிறான் தாயி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் போய் இறங்கிய இரவு, பின்கட்டில் பழைய ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்த நிலையமும் பிடிக்கவில்லை, வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் இருந்தால் மற்றது கேட்காதாம்.

முன்பே வைத்தியம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். ஒன்றரை வருடத்துக்கு முன் நான்தான் பணம் அனுப்பி, மதுரையில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவர் நல்ல மருத்துவர், மாத்திரையும் கேட்டது. ஆனால் தம்பி பஸ்ஸில் உட்கார மாட்டான். வாடகைக் கார், மருத்துவர் கட்டணம், மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு முறை போய் வர ஐயாயிரம் ரூபாயைத் தாண்டியது. மூன்று மாதம் போனார்கள். தூக்கம் வந்தது, முகம் தெளிந்தது. "சரியாகிவிட்டான், இனி எதற்கு" என்று நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் மகளிடம் பணம் கேட்பதா என்ற கூச்சத்தில் அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. நான்கு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டான். பெரிய ஊரில் பெரிய மருத்துவரைப் பார்ப்பதுதான் அன்பு என்று நான் நினைத்திருந்தேன். மாதாமாதம் கைக்கு எட்டும் தூரத்தில் மாத்திரை கிடைக்குமா என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு ஏர்வாடி தர்காவில் ஒரு வேண்டுதல் இருந்தது. எங்கள் பக்கத்தில் இந்துக் குடும்பங்களும் காத்து கருப்பு, செய்வினை என்றால் அங்கேதான் போவார்கள். எனக்கு அங்கே போக மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அந்த ஊரில் தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அன்று ஊரே பேச்சிழந்து கிடந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஏர்வாடி என்றாலே எனக்கு அந்தச் சங்கிலிதான்.

ஆனாலும் அம்மாவின் மனம் நோகக் கூடாது என்று போனோம். அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. ஓதிவிட்ட பெரியவர் தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்து, "துவா செய்தாயிற்று அம்மா, அப்படியே டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவக் குழுவே வைத்தியம் பார்க்கிறது. 'தவா துவா' என்று பெயர்: மருந்தும் பிரார்த்தனையும். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அம்மா மறுக்காமல் உள்ளே வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று நான் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். மருத்துவர் பழைய மதுரைச் சீட்டைப் பார்த்தார், தம்பியிடம் பேசினார், மாத்திரை கொடுத்தார். ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை. தொடர்ந்து மாத்திரை வாங்க வீட்டுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது என்றார். அந்த மருத்துவமனை வாசலை நாங்கள் ஆயிரம் முறை கடந்திருப்போம்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1996இல் நாட்டில் சில மாவட்டங்களில் மட்டும் தொடங்கியது. இன்று தமிழ்நாடு முழுக்க உண்டு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு மாவட்ட அளவில் இருக்கும். குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். சிங்கப்பூரில் மானியக் கட்டணத்தில் மனநல மருத்துவரைப் பார்க்கப் பாலிகிளினிக் எனும் அரசு மருத்துவ நிலையம் போன்ற இடத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஊரில் எங்களுக்குப் புறநோயாளிச் சீட்டு ஒன்றே போதுமாக இருந்தது.

குறையும் சொல்ல வேண்டும். அந்த அரசு மருத்துவமனைக்குப் போனபோது, சீட்டுப் பதியும் இடத்தில், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி "என்ன, மனநோயா?" என்று கேட்டார்கள். தம்பி திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். அவன் பின்னால் ஓடி, வேப்ப மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசித்தான் திரும்ப அழைத்து வந்தேன். என் இடத்தில் அம்மா மட்டும் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மருத்துவர் பார்த்த நேரமும் பத்து நிமிடத்துக்குள்தான். வெளியே அவ்வளவு கூட்டம். அந்தப் பத்து நிமிடத்தை ஈடுகட்டியவர் ஒரு சமூகப் பணியாளர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தனி அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர், அம்மா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களே அம்மா, சர்க்கரை குறைந்ததும் நிறுத்திவிட்டீர்களா? இதுவும் அப்படித்தான், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது" என்றார். நான் போனில் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காதது அம்மாவுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது.

உறவினர் ஒருவர், "எங்கேயாவது கட்டிப்போட்டு வைக்கிற இடத்தில் விடுங்கள்" என்று யோசனை சொன்னார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. அரசு செலவில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாகவும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதை இலவசமாகவும் ஆக்கியிருக்கிறது. அதை அவரிடம் உரக்கவே சொன்னேன். சபையில் பெண் குரலை உயர்த்துகிறாள் என்று சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரு நாள் இரவு தம்பி கதவைத் தாழிட்டுக்கொண்டு திறக்க மறுத்தான். அப்போது அம்மாவின் போனிலிருந்து 14416க்கு அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் இது, இரவும் பகலும் இயங்குகிறது. தமிழில் பேசினார்கள். முதலில் அவன் பத்திரமாக இருக்கிறானா என்று விசாரித்தார்கள். பிறகு, குரலை உயர்த்தாதீர்கள், கேட்கும் குரல்கள் பொய் என்று வாதாடாதீர்கள், பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என்றார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டேன். "ஆமாம் அக்கா" என்றான். கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் திறந்தது. அந்த எண்ணை நாள்காட்டி அட்டையில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். சென்னையில் உறவுகள் இருப்பவர்கள், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு 1986 முதல் இலவசமாகத் துணை நிற்கும் சிநேகா அமைப்பையும் தெரிந்து வைத்திருங்கள்.

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். மருத்துவர், மாத்திரை, ஆலோசனை எதற்கும் பணம் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் இல்லை. தம்பிக்கு மட்டும் எடுத்தோம். ஆம், பஸ்ஸில்தான் போனோம். ஜன்னல் ஓரம், ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

குணமாகிவிட்டான் என்று எழுத மாட்டேன். குரல்கள் இன்னும் கேட்கின்றன, கொஞ்சம் தள்ளிக் கேட்கின்றன என்கிறான். இரவில் ஐந்து மணி நேரம் தூங்குகிறான். நான் திரும்பி வந்த பிறகு வந்த முதல் மருத்துவமனை நாளன்று அம்மாவைப் போனில் அழைத்தேன். வரிசையில் நிற்பதாகச் சொன்னார். சீட்டுப் பதிந்தாயிற்றா என்று கேட்டேன்.

"தம்பிதான் பதிந்தான் தாயி. எந்தப் பிரிவு என்று கேட்டதற்கு அவனே சொன்னான்" என்றார்.