ருகர் 10/22-ஆ, சி.இசட். 457-ஆ? குன்னூரிலிருந்து ஓர் ஒப்பீடு

ராணுவத்தில் துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டியதுதான் என் வேலை. ஓய்வு பெற்றுக் குன்னூருக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடுவதாக இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் போன வாரம் வந்து, ".22-இல் செமி ஆட்டோமேட்டிக் நல்லதா, போல்ட் நல்லதா மாமா?" என்று கேட்டான். .22 என்பது குழல் துளையின் விட்டம், அங்குலக் கணக்கில். போல்ட் என்பது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டு; அதைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவதைத்தான் அவன் போல்ட் என்றான். டெக்சாஸில் இருக்கும் என் அக்காள் மகனிடம் ருகர் 10/22, சி.இசட். 457 என்ற .22 ரைஃபிள்கள் இரண்டும் இருக்கின்றன. அங்கே போயிருந்தபோது ஒரு மாதம் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன்.

ருகர் 1964-இல் வந்த செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு தோட்டா. வெடித்த வேகமே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். எங்கள் காலத்து ராணுவ ரைஃபிளான எஸ்.எல்.ஆரில் இருந்த பிஸ்டன் வேலையெல்லாம் இதில் கிடையாது. போல்ட்டின் எடையும் ஒரு சுருள்வில்லும்தான். நான் மயங்கியது தோட்டாக்களை நிரப்பும் அதன் மேகசினில். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்தியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம். இதிலோ ஒரு சுழலி. பத்துத் தோட்டாவுக்கும் தனித்தனிப் பள்ளம். கட்டைக்கு வெளியே நூலளவுகூட நீட்டிக்கொண்டிருக்காது. அதை யோசித்தவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பேன்.

ஆனால் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் கோபம் வருகிறது. துப்பாக்கி உடலின் பின்சுவர் மூடியிருப்பதால் குழலுக்குள் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது, வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய்விளிம்பு. அங்கே கம்பி உரசித் தேய்ந்தால் குறி சிதறத் தொடங்கும். இதற்காகவே சிலர் பின்சுவரில் துளை போட்டுக்கொள்கிறார்களாம். புதுத் துப்பாக்கியை வாங்கி அதில் ஓட்டை போடு என்றால் இது எந்த ஊர் நியாயம்? பத்தாவது தோட்டா போன பிறகு போல்ட் திறந்து நிற்பதும் இல்லை. பதினோராவது முறை அழுத்தும்போது 'டிக்' என்று கேட்டால்தான் மேகசின் காலி என்று தெரியும். விசையும் முரடு.

சி.இசட். செக் நாட்டுச் சரக்கு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ள வேண்டும். 60 பாகை தூக்கினால் போதும் என்பதால் விரல்முட்டி மேலே மாட்டிய ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) இடிக்காது. விசையின் கடினத்தை நமக்கேற்றபடி திருத்திக்கொள்ளலாம். போல்ட்டை உருவிவிட்டுக் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்ளே மரை (தோட்டாவைச் சுழற்றிவிடும் பள்ளங்கள்) சுழன்று போவதும் எங்கே கரி ஒட்டியிருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இது ஒன்றே போதும். குறை என்றால் விலை, எடை, நிதானம். மேகசினில் ஐந்துதான்.

இதே இரண்டும் நம் மலையில் இருந்தால்? ஐப்பசி மழையில் இங்கே பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பே பூத்துவிடுகிறது. ஸ்கோப் கண்ணாடிக்குள் பூஞ்சை வலை பின்ன எத்தனை நாள் ஆகும்? இரும்புக்குத் துரு பிடிக்காமலிருக்க எண்ணெயைத் தாராளமாகப் பூசுவோம். மார்கழிக் குளிரில் அது தோட்டாவின் மெழுகோடும் கரியோடும் சேர்ந்து பிசினாகிவிடும். ருகரின் போல்ட்டை நகர்த்துவது தோட்டாவின் வேகம் மட்டுமே. பிசின் பிடித்தால், அல்லது வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால், பாதி வழியில் நின்று கூட்டைக் கவ்விக்கொள்ளும். சி.இசட்டுக்கு என் கை இருக்கிறது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் தீர்ந்தது.

பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் போல்ட்டே வாங்கிவிடலாமா?" என்றான். 2016 ஆயுத விதிகளின்படி செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கட்டுப்படுத்தப்பட்ட வகை, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல. போல்ட் .22-க்கும் உரிமம் வேண்டும். அவன் அப்பாவுக்குத் தேயிலைக்குள் வரும் காட்டுப்பன்றிமேல் ஒரு கண் இருப்பதும் எனக்குத் தெரியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; .22-ஆல் பன்றியைச் சுட்டால் அது சாகாது, புண்ணோடு புதருக்குள் போய் அழுகும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

போட்டிக்குப் போக ஆசை என்றாலும் செமி ஆட்டோமேட்டிக் உதவாது. சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட்டுச் சுட வேண்டும். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு காற்றழுத்தத்தில் சுடும் .177 ஏர் ரைஃபிளைச் சொன்னேன். குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டிருந்தால் உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் மறுநாள் அவனும் அவன் தங்கையும் பழைய இலைக் கொட்டகையில் நாடாவோடு நின்றார்கள். பத்து மீட்டர் அளந்தாயிற்று. பின்னால் மணல் மூட்டை அடுக்குவதுதான் பாக்கி.