ஜிப்ஸியா, ஜீப்பா? கோத்தகிரியில் பழைய ஃபோர்வீல் தேடுகிறவருக்கு

எங்கள் பக்கம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர்வீல் வண்டி தேடினால் கடைசியில் இரண்டில்தான் வந்து நிற்கும். ஒன்று மாருதி ஜிப்ஸி, இன்னொன்று மஹிந்திரா எம்எம்540 ஜீப். 2010-இல் வந்த மஹிந்திரா தார் நல்ல வண்டிதான். ஆனால் அதற்குக் கேட்கிற விலையே வேறு, அதனால் விட்டுவிடுகிறேன். ஜீப்பை ஆறு வருஷம் ஓட்டினேன். இப்போது வாசலில் நிற்பது ஜிப்ஸி.

எதைப் பார்க்கப் போனாலும் விடிகாலையில் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் உங்களுக்கு முன்பே எழுந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டார். ஜீப்பின் 2.1 லிட்டர் பெஜோ டீசலுக்குக் குளிரில் ஸ்டார்ட் ஆக, எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று போனாலும் வெள்ளைப் புகையோடு நடுங்கிக்கொண்டுதான் எழும்பும். பிளக் மாற்றுவது சின்ன வேலை. மாற்றியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் காற்றை அழுத்தும் சக்தி, போயிருக்கலாம், அது பெரிய செலவு.

ஜிப்ஸியில், பெட்ரோலையும் காற்றையும் கலக்க கார்புரேட்டர் வைத்த பழைய மாடலை நான் வாங்க மாட்டேன். பக்கத்து ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிடக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் கரும்புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் செலவு. பிறகு வந்த, பெட்ரோலைத் தானே அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ 1.3 லிட்டர் எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு.

பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றுவதற்கு ஜீப்தான். குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். வெறும் ஜிப்ஸி ஒரு டன்னை ஒட்டிய எடைதான், ஈரமான சேற்றில் மூழ்காமல் லேசாக ஏறிவிடும். மூட்டை ஏற்றினால் திணறும்.

ஆனால் மலையில் ஏறுவதை மட்டும் பார்த்து வண்டி வாங்கக் கூடாது, இறங்க வேண்டுமே! என் ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒருநாள் மேட்டுப்பாளையம் இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் லைனர் கருகும் வாசனை, அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது, வேகமோ குறையவில்லை. இரண்டாவதுக்கு மாற்றி, ஓரத்து மண்ணில் உரசித்தான் நிறுத்தினேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் முன்னால் டிஸ்க் உள்ள ஜிப்ஸி இந்தத் தப்பை இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும்.

அடுத்தது, அது உண்மையிலேயே ஃபோர்வீல்தானா? மைலேஜுக்காக, முன் சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகும் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஃபோர்வீல் போடும் லிவரை மட்டும் அழகுக்கு விட்டிருப்பவர்கள் உண்டு. முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். லிவர் டூவீலில் இருக்கட்டும். முன் சக்கரங்களின் நடுவில், சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப் இரண்டையும் லாக்கில் வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் அடியில் முன் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். ஹப் திரும்பவே மறுத்தால் வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை. அப்புறம் மண் பாதையில் ஃபோர்வீல் லோ (மெதுவாக, அதிக இழுப்போடு போகும் நிலை) போட்டு ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் போட்டு வளைத்தால் ஸ்டீயரிங் இறுகி வண்டி முரண்டு பிடிக்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாத வண்டிகளின் இயல்பு அது. கோளாறு என்று பயப்பட வேண்டாம், அங்கே போடாமல் இருந்தால் போதும்.

ஸ்டீயரிங் உதறல் இரண்டிலும் வரும். ஜிப்ஸியில், முன் சக்கரம் திரும்பும் மூட்டில் உள்ள கிங்பின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டையில் எண்ணெய் வழிந்தால் சீலும் போயிருக்கிறது. ஜீப்பில் ஸ்டீயரிங் பாக்ஸைப் பாருங்கள். இரண்டும் இங்கேயே பார்க்கக்கூடிய வேலைதான்.

துரு அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் கூடலூர், தேவாலா பக்கத்து வண்டி என்றால் இன்னும் கவனம். கால் மிதியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரையையும் சேஸிஸையும் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி. 'டப்' என்றால் பெயின்டுக்கு அடியில் தகடு இல்லை. எனக்குப் பிடித்துப்போன ஒரு ஜிப்ஸியில் மிதியைத் தூக்கப் போனபோது, "அதை எதுக்குண்ணா கழட்டுறீங்க, புதுசா ஒட்டினது" என்றார் விற்பவர். டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.